பதினாலாவது ஜோன்சன்

பேரன் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அன்புராசா அமெரிக்காவைக் கூட்டி அள்ளத் தொடங்கிவிட்டார். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த நாட்டில் பேர் எடுத்த ஜோன்சன்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகப் பொறுக்கி ஒரு கொப்பியில் எழுதினார். ஏனென்றால் அவருடைய குடும்பப் பெயரும் ஜோன்சன்தான். கனடா அரசாங்கம் முப்பத்தேழு வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறது.

பேரனுக்கு மிதுனன் என்று பெயர் வைப்பதில் சண்டை வரவில்லை. அதற்குப் பின்னால் என்ன பெயர் வருவது என்பதில்தான் வந்தது. மகள் நிரோஷினி ஜோன்சன். மருமகன் கீதன் மகேஸ்வரன். கீதனின் தகப்பனார் மகேஸ்வரன், பேரன் 'மிதுனன் மகேஸ்வரன்' என்று ஆசுப்பத்திரி வாசலிலேயே அறிவித்துவிட்டார். கேட்கவில்லை, அறிவித்தார். அன்புராசாவுக்கு ஒரே பிள்ளை. அந்த இடத்திலேயே அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஜோன்சன் என்ற பெயர் தன்னோடும் மகளோடும் முடிந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. தகப்பனின் பெயரைச் சேர்த்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் அவர் இறங்கிவிடுவார், அடுத்த தகப்பன் ஏறிக்கொள்வான், பஸ் இருக்கை மாதிரி. கனடாவில் வந்து இறங்கிய அன்று கவுண்டரில் இருந்தவர்கள், எந்த இடத்தில் யார் இருந்தாரோ அவரை அப்படியே பிடித்து ஆணி அடித்துவிட்டார்கள். மகேஸ்வரன் வந்தது தகப்பன் பெயர் முன்னால் நிற்க, வைத்திலிங்கம் மகேஸ்வரன் என்று. கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அன்றையிலிருந்து டொக்டரின் நேர்ஸ் அவரை "வைத்தி" என்று கூப்பிடுகிறாள். செத்துப்போன தகப்பனை அந்த நேர்ஸ் பிள்ளை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட, இவர் எழுந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். ஆயிரம் வருசத்துக் குடும்பப் பெயர் என்று அவர் கொண்டாடுவது, இதுவரை மொத்தமாக இரண்டே பேர் சுமந்த அவருடைய சொந்தப் பெயர்.

அன்புராசாவின் வீட்டில் கதை இதைவிட அழகு. மனைவி அருள்மலர் ஊர் வழக்கப்படி புருசனின் பெயரைப் பின்னால் போட்டு அருள்மலர் அன்புராசா ஆனாள். அவரோ ஜோன்சன். ஆக, ஒரே கட்டிலில் இரண்டு குடும்பம். அந்த வீட்டில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருப்பதாகத் தபால்காரர் பல காலம் நினைத்திருந்தார்.

ஆனால் ஜோன்சன் என்ற பெயர் கனடாவில் கதவு திறக்கிற பெயர் என்பதில் அன்புராசாவுக்குச் சந்தேகம் இல்லை. தொண்ணூறுகளில் வீடு வாடகைக்குப் பார்க்கப் போன் எடுத்தால், "வாருங்கள் மிஸ்டர் ஜோன்சன்" என்பார்கள். நேரில் போனால் கதவைத் திறந்தவர் இவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார், பின்னால் ஜோன்சன் வருகிறாராக்கும் என்று. அந்த எட்டிப் பார்த்தலை அவர் அவமானமாக எடுக்கவில்லை. கதவு திறந்ததுதானே, அது போதும் என்பார். மகளுக்கு முதல் வேலை கிடைத்ததும் இந்தப் பெயரால்தான் என்பது அவர் கட்சி. அவள் நாலு வருடம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது அவருடைய கணக்கில் வரவே இல்லை.

"ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ" என்றாள் நிரோஷினி, பால் கொடுத்துக் களைத்துப்போய். "அதுவரைக்கும் எங்களை நித்திரை கொள்ள விடுங்கோ, ப்ளீஸ்."

அப்படியே ஆகட்டும் என்று இரண்டு தாத்தாக்களும் நாள் குறித்தார்கள். பிள்ளைக்கு முப்பத்தொன்று கழிக்கிற அன்று, மார்க்கம் நகரில் மகேஸ்வரன் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். அன்றைக்குப் பேசித் தீர்ப்பது. பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழித்து, பிள்ளையைச் சொந்தக்காரர் பார்க்க வரும் நாள். நல்ல விசயம் எதையும் அதற்கு முதல் செய்வதில்லை என்று மகேஸ்வரன் சொன்னார். அன்புராசா வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்கு இந்தக் கணக்கு இல்லை என்றாலும், பட்டியல் எழுத நாள் கிடைக்கிறதே என்று தலையாட்டினார்.

பட்டியலுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தார். அமெரிக்கர்கள் மட்டும். கனடாவில் இருந்துகொண்டு ஏன் கனடியர் வேண்டாம் என்று அருள்மலர் கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அவர் வந்து இறங்கியது எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில். அப்போதுதான் ஒரு கனடிய ஜோன்சன் ஒலிம்பிக்கில் ஓடி உலகத்தை வென்று, மூன்றாம் நாளே ஊக்கமருந்தில் பிடிபட்டுப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். பிளாஸ்ரிக் பக்டரியில் அன்புராசாவின் பெயரைக் கேட்ட ஒவ்வொருவரும் "நீயும் மருந்து அடிக்கிறனியோ" என்று கேட்டார்கள். அவருக்கு அப்போது இங்கிலீசு விளங்காது. எல்லோருக்கும் "யெஸ்" என்று சொல்லிவைத்தார்.

அமெரிக்கா அப்படிக் கைவிடவில்லை. இரண்டு ஜனாதிபதிகள். விண்வெளிக்குப் போனவர்களுக்குப் பாதை கணக்குப் போட்டுக் கொடுத்த ஒரு பெண்மணி. வெள்ளைக்காரரை எல்லாம் அடித்து விழுத்திய கறுப்புக் குத்துச்சண்டை வீரர். தங்க நிறச் சப்பாத்தோடு ஓடியவர், கூடைப்பந்துக்காரர், கண்ணாடியால் வீடு கட்டியவர், கிற்றார் வாசித்து இருபத்தேழு வயதில் செத்தவர் என்று பதின்மூன்று பேர் தேறினார்கள். பதினாலு என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் கோடு மட்டும் இழுத்து விட்டார். அது மிதுனனுக்கு. அவன் பிறந்தது ஸ்காபரோவில் என்றால் என்ன, படித்து முடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வேலை எடுக்கமாட்டானா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விட்பியில் இருந்து அக்கா றெஜினா போன் எடுத்தார். முப்பத்தொன்றுக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்கத்தான் எடுத்தார். அன்புராசா விடவில்லை, பட்டியலை முதலில் இருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினார். மறுமுனையில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் வந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார் கடைசியில்.

"ஓம் அக்கா. எப்பிடி?"

"ஐயாவின்ர பேர் அதில எங்கை தம்பி?"

"ஐயாவின்ர பேர்தானே அக்கா எல்லாம்."

"ஐயாவின்ர பேர் சூசைப்பிள்ளை. என்ர கடதாசியில அப்பிடித்தான் கிடக்கு. அதை நீ எயார்ப்போட்டில விட்டிட்டு வந்திட்டாய். இப்ப எஞ்சினுக்குப் பேரப்பிள்ளை தேடுறாய்."

அடுப்பில் கருகுது என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

விசயம் இதுதான். அறுபத்தெட்டில் மன்னார்க் கரையில் அவர்களுடைய மீன்வாடியில்தான் முதல்முதல் வள்ளத்துக்குப் பின்னால் எஞ்சின் பூட்டினார்கள். அமெரிக்காவில் செய்த ஜோன்சன் எஞ்சின். மற்றவர்கள் பாய் விரித்துக் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க, சூசைப்பிள்ளை கயிற்றை ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "அங்கை போகுது ஜோன்சன்" என்று எஞ்சினைக் காட்டிச் சொன்னவர்கள், பிறகு ஆளையே அப்படிக் கூப்பிட்டார்கள். மீன் வாங்க வந்தவன் கூப்பிட்டான், பள்ளிக்கூட வாத்தியார் கூப்பிட்டார், கடைசியில் பெண்சாதியும் கூப்பிட்டாள். சூசைப்பிள்ளை என்ற பெயர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

எண்பத்தெட்டில் ஊரில் பெடியன்கள் இருக்க முடியாத நிலை. அன்புராசாவுக்கு இருபத்திரண்டு வயது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குக் கொடுக்க வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று. ஐயா எஞ்சினைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, வாங்க வந்தவனின் லொறியில் தானே தூக்கி வைத்தார். மகன் பிளேன் ஏறினான். ஐயா திரும்பவும் பாய் விரித்தார். ஊர் அவரை ஜோன்சன் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அடுத்த வருடம் வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு நாள் திடீரென்று கடல் கொந்தளித்தது. எஞ்சின் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அந்த அதிகாரி தகப்பன் பெயர் என்ன என்று கேட்டபோது, மூன்று நாள் நித்திரை இல்லாத வாயில் ஊர் கூப்பிட்ட பெயர்தான் வந்தது. அதிகாரியின் முகம் அன்றைக்கு முதல்தடவையாக மலர்ந்தது. எழுத்துக் கூட்டச் சொல்லாமல் தானே எழுதிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து யாரோ கேட்டபோது, அமெரிக்கச் சுவாமியார் ஒருவர் தன் தகப்பனுக்கு ஜனாதிபதியின் பெயரை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார் என்று அன்புராசா ஒரு கதை கட்டினார். கட்டிய கதையில் குடியிருந்து, பிள்ளை பெற்று, இப்போது பேரனும் வந்தாயிற்று. அவரும் றெஜினாவும் ஒரு தாய் தகப்பன் பிள்ளைகள் என்று கனடாவில் ஒரு கடதாசியும் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரன் வீட்டுக் கராஜில் மடக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கார் இரண்டும் வெளியே. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். பெண்கள் உள்ளே. ஆண்கள் கராஜில் வடையும் தேத்தண்ணியுமாக இருக்க, அன்புராசா ஒரு நீலக் கோப்போடு எழுந்து நின்றார். பிளாஸ்ரிக் உறை போட்டுப் பட்டியலைப் பிறின்ற் எடுத்திருந்தார். மகேஸ்வரன் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், கோப்பைக் கண்டதும் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

முதலாவது ஜனாதிபதியை வாசித்தபோதே மகேஸ்வரன் கையைத் தூக்கினார்.

"இவரைத்தானே பதவியால தூக்கப் பாத்து, ஒரு வோட்டில தப்பினவர்?"

"தப்பினவர்தானே அண்ணை."

"மற்ற ஜனாதிபதி?"

"அவர் சட்டங்கள் எல்லாம் கொண்டுவந்தவர்."

"ரெண்டு பேரும் முன்னுக்கிருந்தவர் சுடுபட்டபடியால கதிரைக்கு வந்தவை. அப்பிடியொரு ராசியுள்ள பேர் பிள்ளைக்கு வேணுமோ?"

கதிரைகளில் சிரிப்பு எழுந்தது. அன்புராசா விடாமல் கணக்குப் பெண்மணிக்குப் போனார். அவவை எதிர்த்து மகேஸ்வரனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குத்துச்சண்டை வீரருக்கும் சபை தலையாட்டியது. கண்ணாடி வீட்டுக்காரரிடம் வந்தபோது, "மார்க்கம் குளிருக்கு உது சரிவராது" என்று யாரோ சொன்னார்கள். பதின்மூன்றும் முடிந்தது.

"சரி, எல்லாரும் பெரிய ஆக்கள்" என்றார் மகேஸ்வரன். குரலில் இப்போது கேலி இல்லை, அதுதான் ஆபத்தாக இருந்தது. "இதில ஒருத்தரும் உங்களுக்குச் சொந்தமில்லை. அதை விடுவம். உங்கட அப்பாவுக்கு இந்தப் பேர் எப்பிடி வந்தது? அதைச் சொல்லுங்கோ. எல்லாரும் இருக்கினம்."

முப்பத்தைந்து வருடம் சொல்லிப் பழகிய கதை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அமெரிக்கச் சுவாமியார் என்று தொடங்க வாயைத் திறந்தார். வீட்டுக்குள் போகும் கதவடியில் றெஜினா நின்றார். தோளில் மிதுனன். முதுகைத் தட்டிக்கொண்டு, "சொல்லன் தம்பி" என்றார் மெதுவாக. "நானும் கேப்பம்."

அன்புராசா கோப்பை மூடினார். அந்தக் கணத்தில் அவருக்குச் சம்பந்தி மேலும் கோபம் இல்லை, அக்கா மேலும் இல்லை. ஐயா எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த அந்தப் பழைய சாரத் துண்டு மட்டும் கண்ணுக்குள் நின்றது. விற்கப்போகிற சாமானை ஏன் இவ்வளவு துடைக்கிறார் என்று அன்றைக்கு அவர் எரிச்சல்பட்டிருந்தார்.

"எங்கட ஐயாவின்ர பேர் சூசைப்பிள்ளை" என்றார். "ஜோன்சன் எண்டது அவர் வைச்சிருந்த எஞ்சின்ர பேர்."

கராஜில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கடைசி வரிசையில் ஒருவர் வடையைக் கடித்த மாதிரியே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீதன் கேசரித் தட்டோடு வந்தான், பின்னால் நிரோஷினி. "என்ன இவ்வளவு அமைதி?" என்றான்.

"உங்கட பிள்ளையின்ர பேரைத்தான் முடிவு பண்ணுறம்" என்றார் மகேஸ்வரன், வெற்றியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாத குரலில்.

கீதன் நிரோஷினியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சொல்லவேண்டிய ஆள் யார் என்று இருவரும் ஏற்கெனவே சண்டை பிடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

"அது பதிஞ்சாச்சு அப்பா" என்றாள் நிரோஷினி தன் தகப்பனிடம். "முப்பது நாளுக்குள்ள பதியோணும். இண்டைக்கு முப்பத்தொண்டு. ரெண்டாம் கிழமையே ஒன்லைனில செய்திட்டம்."

"என்னெண்டு பதிஞ்சனீங்கள்?" என்று இரண்டு தாத்தாக்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த மாதம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு கேள்வியில்தான்.

"மிதுனன் கீதன்."

"அப்ப என்ர பேர்?" என்றார் மகேஸ்வரன்.

"உங்கட பேர் உங்களுக்குத்தான் அப்பா" என்றான் கீதன், பயப்படாமல், ஆனால் கேசரித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு. "நீங்கள்தானே சொல்லுவியள், எங்கட ஆக்கள் பிள்ளைக்குத் தகப்பன்ர பேர்தான் வைக்கிறது எண்டு. லைக், நாங்கள் அதைத்தான் செய்தம்."

ஒருவருக்கொருவர் மறுத்துப் பேசத் தயாராக வந்த இரண்டு பேரையும், அவர்களுடைய வழக்கமே எழுந்து வந்து கதிரையில் இருத்திவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கேசரியைத் தின்று, பிள்ளையின் கையில் என்வலப்பை வைத்து, காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். றெஜினா போகும்போது தம்பியின் தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

கராஜில் இரண்டு மடக்குக் கதிரைகள் மிச்சம். மகேஸ்வரன் கையில் கோப்பு இருந்தது. எப்போது எடுத்தாரோ தெரியாது. கிளாக்கர்க் கையல்லவா, கோப்பைக் கண்டால் சும்மா இராது.

"அந்த எஞ்சின்" என்றார். "எத்தினை குதிரைவலு?"

"பதினெட்டு."

"நல்லா ஓடினதோ?"

"ஒரு இழுவையில ஸ்டார்ட் வரும் அண்ணை. இருவது வருசம் ஒரு நாளும் கைவிடேல்லை."

"பிறகு என்ன நடந்தது?"

"ஐயா வித்திட்டார்."

"ஏன்?"

அன்புராசா தன் நெஞ்சைக் கையால் ஒருமுறை தொட்டுக் காட்டினார். மகேஸ்வரனுக்கு விளங்கியது. அவரும் யாரோ எதையோ விற்றுத்தான் வந்தவர். அவர் வீட்டில் அது ஒரு வயல் காணி, வைத்திலிங்கத்தின் பெயரில் இருந்தது. அதைப்பற்றி அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்தார். பிளாஸ்ரிக் உறையில் இருந்து பட்டியலை உருவி, முழங்காலில் வைத்து, பதினாலாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் அன்புராசா வெறுமையாக விட்டிருந்த கோட்டைத் தேடிப் பிடித்தார்.

"எங்கை செய்த எஞ்சின் எண்டு நீர் சொல்லேல்லையே?" என்றார். நீங்கள் என்றே பேசிவந்த மனிதர், முதல்தடவையாக, கூட்டாளியைப் போல, நீர் என்றார்.

"அமெரிக்காவில."

"பிறகென்ன" என்றார் மகேஸ்வரன், கச்சேரியில் எழுதிப் பழகிய சாய்வெழுத்தில் அந்த எஞ்சினைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டே. "இந்தப் பதினாலு அமெரிக்கரிலையும் உமக்குச் சொந்தம் இது ஒண்டுதான்."